தேதி இல்லாத படம்



வானத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கோள்களின் பிறப்பையும் அண்டத்தின் வயதையும் விளக்க அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் பேசப்போவது அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் குடியிருக்கிற ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்க்கக்கூடியதை மட்டும். பார்த்ததைப் படம் எடுத்து வைப்பதைப் பற்றி மட்டும்.

முதலில் வடக்கே திரும்புவோம். நம் ஊரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இரவில் வடக்கே பார்த்தால் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில் நிற்கும். நாம் இருப்பது 13ஆவது அட்சரேகை. அதனால்தான் அந்த உயரம். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம். அதற்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, அடிவானத்துக்கு அப்பால் இந்திய நாட்டின் ஏவுதளம் இருக்கிறது.

2023 ஜூலை 14 பிற்பகல் 2.35க்கு, சந்திரயான்-3ஐச் சுமந்துகொண்டு 640 டன் எடையுள்ள எல்.வி.எம்-3 ராக்கெட் அங்கிருந்துதான் கிளம்பியது. 2022 அக்டோபர் 23ஆம் தேதி பிறந்து ஏழாவது நிமிடத்தில், அதே வகை ராக்கெட் 36 ஒன்வெப் செயற்கைக்கோள்களைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவு வானில் ஏறியது. 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு, விண்வெளியில் இரண்டு கலங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் ஸ்பேடெக்ஸ் முயற்சிக்காக பி.எஸ்.எல்.வி-சி60 போனது. உலகம் இவற்றைத் தொலைக்காட்சியில் பார்த்தது. நமக்கு மாடிப்படி ஏறினால் போதும்.

ஆனால் எப்படிப் பார்ப்பது என்று தெரிய வேண்டும். பூமி உருண்டை, எனவே ராக்கெட் சில நூறு மீட்டர் உயர்ந்த பிறகுதான் நம் பார்வைக் கோட்டுக்கே வரும். அதற்குள் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அடுக்குமாடியும் மறைத்தால் இன்னும் சில நொடி போகும். கவுன்ட்டவுன் முடிந்ததும் ஒன்றும் தெரியவில்லையே என்று கீழே இறங்கிவிடாதீர்கள். ஒரு நிமிடமாவது நில்லுங்கள். புவிநிலைச் சுற்றுப்பாதைக்குப் போகிற ராக்கெட் வலப்பக்கமாக, கடல் மேலே கிழக்கு நோக்கிச் சாயும். துருவச் சுற்றுப்பாதைக்குப் போகிற பி.எஸ்.எல்.வி., இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே திரும்பும். அது நம் கிழக்கு வானத்தையே கடந்து போகிற காட்சி. ஓசை 70 கிலோமீட்டரைக் கடக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எல்.வி.எம்-3இன் இரண்டு பக்கவாட்டு பூஸ்டர்களும் எரிந்து முடிந்து கழன்றே போயிருக்கும்.

இதில் அழகு மிகுந்தது விடியலுக்கு முந்தைய ஏவுதல். 2022 பிப்ரவரி 14 காலை 5.59க்கு பி.எஸ்.எல்.வி-சி52 கிளம்பியபோது நமக்குச் சூரியன் உதிக்க அரை மணி நேரம் பாக்கி. தரையில் இருட்டு விலகவில்லை. ஆனால் சுமார் 50, 60 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே அப்போதே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த உயரத்தைத் தாண்டும்போது ராக்கெட்டின் புகை வெயில் பட்டு ஒளிரத் தொடங்கும். காற்று மிக மெல்லியதாக இருப்பதால் புகையும் விரிந்து பரவும். இருண்ட வானில் ஒளிரும் அந்த விரிப்பைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பதறுகிறவர்கள் உண்டு. பதற வேண்டாம். அது எந்த நேரத்தில், எந்தத் திசையில், எத்தனை முஷ்டி உயரத்தில் தெரிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு வேண்டுகோளோடுதான் நான் மேடை ஏறினேன். படம் எடுங்கள், ஆனால் தேதி, நேரம், இடம், திசை நான்கும் இல்லாமல் எந்த வானப் படத்தையும் விட்டுவிடாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு நம் சென்னையின் கதை ஒன்று இருக்கிறது.

1883 செப்டம்பர் இரண்டாம் வாரம். சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. நண்பர்களே, மிகைப்படுத்தவில்லை. மாலையில் சாயும்போது மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற வேண்டிய சூரியன் பச்சை நிறத்தில் இறங்கியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பல ஊர்களில் இதைப் பார்த்தார்கள். மெட்ராஸ் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிக்கி ஸ்மித், அந்தப் பச்சைச் சூரியனின் நிறமாலையை ஆராய்ந்து எழுதி வைத்தார்.

காரணம் வெகு தொலைவில் இருந்தது. ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரகட்டோவா எரிமலை வெடித்துச் சிதறியது. அதன் தூசி மேலே மிக உயரத்துக்குப் போய், மேற்கு நோக்கி உலகத்தைச் சுற்றத் தொடங்கியது. செப்டம்பர் 2ஆம் தேதி டிரினிடாட்டில் சூரியன் நீலமாகத் தெரிந்தது. 5ஆம் தேதி ஹோனலூலுவில். 9ஆம் தேதியை ஒட்டி இலங்கையிலும் நம்மிடமும். தூசித் துகள்கள் ஏறக்குறைய ஒரே குறிப்பிட்ட அளவில் இருந்தால் அவை சிவப்பு ஒளியை அதிகமாகச் சிதறடித்துவிடும். மிஞ்சி நம் கண்ணுக்கு வருவது நீலமும் பச்சையும்.

அன்று செயற்கைக்கோள் இல்லை, வண்ணப் புகைப்படம் நடைமுறையில் இல்லை. பூமத்திய ரேகைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக அப்போது ஒரு காற்றோட்டம் இருந்தது, இரண்டு வாரத்துக்குள் அது உலகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது என்பது எப்படித் தெரிய வந்தது? கப்பல் தலைவர்களும் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் இன்ன தேதி, இன்ன மணி, இன்ன ஊரில் இதைக் கண்டேன் என்று எழுதிய குறிப்புகளால் தெரிய வந்தது. லண்டன் ராயல் சொசைட்டி அவற்றையெல்லாம் திரட்டி 1888இல் பெரிய அறிக்கையாக வெளியிட்டது. ஒரு குறிப்பில் தேதி இல்லையென்றால் அதனால் பயனில்லை. தேதி இருந்ததால்தான் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த மாலை வெயில், உலகக் காற்றின் வரைபடத்தில் ஒரு புள்ளியானது.

இப்போது நம் கையில் இருக்கிற செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் நொடி வரைக்கும் நேரம் தானாகவே பதிவாகிறது. அனுமதி கொடுத்திருந்தால் இடமும் பதிவாகிறது. 1883இல் வாழ்ந்தவர்களுக்குக் கிடைக்காத பேறு. அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்புகிறோம். அந்தக் கணமே நேரமும் இடமும் உதிர்ந்துபோகின்றன. பிறகு அதே படம் மூன்று வருடம் கழித்து "இன்று காலை ஆவடியில்" என்று நம்மிடமே திரும்பி வருகிறது. அசல் கோப்பை அழிக்காதீர்கள். அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள், படத்துக்குக் கீழே நான்கு விவரத்தையும் தட்டச்சு செய்யுங்கள்.

வானத்தைக் குறித்து வைப்பது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் 1792ஆம் ஆண்டின் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து உண்டு. பழைய மெட்ராஸ் வானாய்வகத்தின் மிச்சம் அது. அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867 ஜனவரியில், தெற்கு அடிவானை ஒட்டியே நமக்குத் தெரிகிற ரெட்டிகுலம் என்ற விண்மீன் குழுவில், ஒளி கூடிக் குறைகிற ஒரு விண்மீனை அவர் கண்டறிந்தார். ஒளி கூடிக் குறைகிறது என்று ஒருவர் எப்போது சொல்ல முடியும்? முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு கையில் இருந்தால்தான். 1874 டிசம்பர் 9ஆம் தேதி வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கப் போகிறது என்று தெரிந்ததும், பொதுமக்களுக்குப் புரிய வேண்டுமென்று உரையாடல் நடையில் ஒரு சிறு நூல் எழுதி, இந்திய மொழிகளிலும் கொண்டுவர முனைந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில், பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்த ஒருவர், இது நம் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று துடித்திருக்கிறார். சென்னையில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்தால் அந்தத் தெருவுக்குப் பெருமை.

நம் பாட்டிமார்களும் வானத்தைக் குறித்து வைத்தவர்கள்தான். "அகல்வட்டம் பகல்மழை" என்று சொன்னார்கள். நிலவைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டால் மழை பக்கம் என்று பொருள். மிக உயரத்து மெல்லிய மேகத்தில் அறுகோணப் பனித்துகள்கள் இருந்தால், ஒளி அவற்றில் 22 பாகை வளைந்து வட்டமாகத் தெரியும். மழை கொண்டுவரும் மேகக் கூட்டத்துக்கு முன்னோடியாக அந்த மெல்லிய மேகம் வருவது உண்டு. கையை நீட்டிச் சாண் விரித்து, கட்டைவிரலை நிலவின் மேல் வையுங்கள். சுண்டுவிரல் வட்டத்தைத் தொட்டால் அது அந்த வட்டமேதான்.

படம் எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பௌர்ணமி நிலவு என்பது வெயில் பட்ட பாறை. அதனால் பகல் காட்சிக்கு வைக்கிற வெளிச்ச அளவே போதும். செல்போனில் நிலவைத் தொட்டு அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இறக்குங்கள். வெள்ளைப் பொட்டாகத் தெரிந்த நிலவில் கறைகள் தெரியத் தொடங்கும். முழு சந்திர கிரகணத்தில் நிலவு பல்லாயிரம் மடங்கு மங்கிவிடும். அப்போது ஸ்டாண்டு இல்லாமல் எடுக்க முடியாது. 2025 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு 11 மணி முதல் 12.22 வரை நீடித்தது அப்படிப்பட்ட கிரகணம். இரவு ராக்கெட்டுக்குக் கேமராவை அசையாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, துவாரத்தை நன்றாகச் சுருக்கி, இரண்டரை மூன்று நிமிடம் திறந்து வைத்தால், புறப்பாடு முழுவதும் ஒரே ஒளிவளைவாகப் பதியும்.

இரண்டு எச்சரிக்கைகள். சூரிய கிரகணத்தை எக்ஸ்ரே பிலிம் வழியாகவோ கூலிங் கிளாஸ் வழியாகவோ பார்க்கக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. அதற்கென்று செய்த வடிகட்டி வேண்டும். அது இல்லையென்றால் புங்க மரத்தடியில் நில்லுங்கள். இலை இடுக்குகள் தரையெங்கும் பிறைகளாகக் கிரகணத்தைக் காட்டும். இன்னொன்று, ஆவடியில் விமானப்படைத் தளமும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், ட்ரோன் பறக்க விடாதீர்கள்.

இனி நம் உள்ளாட்சிப் பிரதிநிதிகளிடம் சில வார்த்தைகள். இந்தப் பகுதியில் அடிவானம் வரை வானம் திறந்து கிடக்கிற இடம் ஏரிக்கரைதான். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம். அங்கே விளக்குப் போடுவது அவசியம். பெண்களும் முதியவர்களும் நடக்கிற இடம் இருட்டாக இருக்கக் கூடாது. ஆனால் விளக்கின் தலையில் மூடி இருந்தால் வெளிச்சம் பாதையில் விழும். மூடி இல்லாவிட்டால் வெளிச்சத்தில் ஒரு பகுதி வானத்துக்குப் போகும். வானத்துக்குப் போகிற வெளிச்சத்துக்கும் நம் வரிப்பணத்தில்தான் மின்கட்டணம் கட்டுகிறோம். லடாக்கின் ஹான்லேயை இருண்ட வானக் காப்பகமாக 2022இல் அறிவித்தார்கள். அம்பத்தூரை ஹான்லே ஆக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த முறை ஏரிக்கரை விளக்குக்கு டெண்டர் விடும்போது, "மேல்பக்கம் மூடிய, கீழ்நோக்கிய விளக்கு" என்று ஒரு வரி சேருங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்த ஒரு வரி பல தலைமுறைக்கு உதவும்.

பள்ளி ஆசிரியர்களே, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. ஏப்ரலில் 12.08, ஆகஸ்டில் 12.13 மணியளவில் குழந்தைகளை வெளியே அழைத்து வாருங்கள். 2027 ஆகஸ்ட் 2 மாலை நமக்குப் பகுதி சூரிய கிரகணம். 2031 மே 21 அன்று வளைய கிரகணம் கேரளத்தின் வழியாக வந்து மதுரைப் பக்கம் போகிறது. இன்று உயர்நிலைப் பள்ளியில் இருக்கிற பிள்ளைகளில் பலர் அன்று கல்லூரியில் இருப்பார்கள்.

நூலகர் அவர்களே, உங்களிடம் ஒரு பெரிய கணக்குப் பதிவேடு கேட்கிறேன். நாளிதழ் மேசையின் ஓரத்தில் அதை வையுங்கள். தேதி, நேரம், இடம், திசை, பார்த்தது, பார்த்தவர் பெயர் என்று ஆறு பத்தி போடுங்கள். யார் வேண்டுமானாலும் எழுதட்டும். முதல் வரியை இன்றிரவே யாராவது எழுதுங்கள்.