செருகியதும் ஓடும் நிரல்: கட்டளை யார் கையில்?



தைப்பூசம் முடிந்து, வெள்ளி ரதமும் தங்க ரதமும் தண்ணீர்மலையிலிருந்து திரும்பிய பிறகு, பினாங்கில் தண்ணீர்ப் பந்தல் போட்ட சங்கங்களுக்கு இன்னொரு வேலை பாக்கி இருக்கும். ஆளாளுக்கு எடுத்த படங்கள் பென் டிரைவில் வந்து சேரும். யாராவது ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் செருகி, படங்களைப் பிரதியெடுத்து, தேதிவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும்.

இதைக் கணினியே செய்துகொள்ளாதா? செய்யும். பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடும்படி ஒரு சின்ன நிரல், ஸ்கிரிப்ட் என்கிறோமே, அதை எழுதி வைத்தால் போதும். அப்படி ஓட வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒரு வழியில் கட்டளை பென் டிரைவுக்குள் இருக்கும். இன்னொரு வழியில் கட்டளை உங்கள் கணினிக்குள் இருக்கும். முதல் வழி உலகத்தைப் பாடாய்ப் படுத்தியது. இரண்டாவது வழியை நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

பினாங்குக்காரர்களுக்குப் பென் டிரைவ் புதிதல்ல. அதைக் கணினியில் செருக உதவும் யூஎஸ்பி இணைப்பின் முதல் பதிப்பு 1996இல் வந்தது. ஏழு நிறுவனங்கள் சேர்ந்து செய்த அந்த வேலையில் இன்டெல் முக்கியமானது. அங்கே அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர், குஜராத்தின் வடோதராவில் பிறந்த அஜய் பட். அதே இன்டெல் வெளிநாட்டில் தொடங்கிய முதல் ஆலை நம் பாயான் லெப்பாஸில்தான், 1972இல். பென் டிரைவுகளுக்குப் பேர்போன சேன்டிஸ்க் நிறுவனத்தின் ஆலை பத்து காவானில் இருக்கிறது. இந்தத் தொழிலில் ஷிப்ட் பார்த்த அக்காவோ அண்ணனோ உங்கள் குடும்பத்திலேயே இருக்கலாம்.

முதல் வழியைப் பார்ப்போம். 1995இல் வந்த விண்டோஸ் 95இல் ஆட்டோரன் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் வைத்தது. அப்போது எல்லாம் சிடி. வட்டைப் போட்டதும் பாட்டோ விளையாட்டோ தானே தொடங்க வேண்டும், கணினி தெரியாதவர்களும் தடுமாறக் கூடாது என்பது நோக்கம். அதற்காக வட்டுக்குள் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு இருக்கும். 'இந்த நிரலை ஓட்டு' என்று அதில் ஓரிரு வரிகள். கணினி அதைப் படித்துச் சொன்னபடி செய்யும். தொழிற்சாலையில் அச்சாகி வரும் சிடியில் நம் கணினியால் எதையும் எழுத முடியாது. அதனால் அபாயம் குறைவாக இருந்தது.

பிறகு பென் டிரைவ் வந்தது. அதில் யாரும் எழுதலாம், எந்தக் கணினியும் எழுதலாம். ஆட்டோரன் பழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்தது. நோய் பிடித்த கணினியில் செருகினால், வைரஸ் தன்னையும் அந்தக் கட்டளைக் கோப்பையும் பென் டிரைவில் எழுதிவிடும். அடுத்த கணினி அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியும். பல்கலைக்கழகத்துப் பக்கத்து ஃபோட்டோஸ்டாட் கடையை நினைத்துப் பாருங்கள். ஒரே கணினியில் ஒரு நாளில் எத்தனை மாணவர்களின் பென் டிரைவ்கள் ஏறி இறங்கும்! ஒன்றில் வந்தது எல்லாவற்றிலும் போகும்.

2008 நவம்பரில் கான்ஃபிக்கர் என்ற வைரஸ் கிளம்பியது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் வந்த அதன் அடுத்த வடிவம் பென் டிரைவ் வழியாகவும் பரவியது. அது செய்த தந்திரத்தை விவரமாகச் சொல்கிறேன். பென் டிரைவைச் செருகியதும் விண்டோஸ் ஆட்டோப்ளே என்ற ஒரு சிறு சாளரம் காட்டும். அதில் 'கோப்புகளைப் பார்க்க ஃபோல்டரைத் திற' என்ற வரி மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு இருக்கும். நாம் தினமும் அழுத்துகிற வரிதான். கான்ஃபிக்கர் இருந்த பென் டிரைவில் அதே வரி, அதே மஞ்சள் படத்தோடு இரண்டு முறை வரும். கீழே இருப்பது உண்மையானது. மேலே இருப்பது வைரஸ் எழுதி வைத்தது. அதன் தலைப்பில் 'நிரலை நிறுவு அல்லது ஓட்டு' என்று சின்னதாக இருக்கும். அவசரத்தில் யார் அதைப் படிப்பார்கள்? கை மேலே இருப்பதைத்தான் அழுத்தும்.

உலகம் முழுக்க லட்சக்கணக்கான கணினிகள் மாட்டின. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாநகர மன்றத்துக்கு இதனால் ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு செலவானது; அதன் பிறகு ஊழியர்கள் யூஎஸ்பி சாதனங்களைப் பயன்படுத்துவதையே தடுத்தார்கள். அமெரிக்க ராணுவமும் தப்பவில்லை. 2008இல் மத்தியக் கிழக்கில் உள்ள ஒரு தளத்தில், மடிக்கணினியில் செருகிய ஒரு பென் டிரைவ் வழியே வேறொரு வைரஸ் ராணுவ வலையமைப்புக்குள் நுழைந்தது. அங்கேயும் பென் டிரைவுக்குத் தடை வந்தது. 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது பென் டிரைவுக்கான ஆட்டோரனை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கும் 2011 பிப்ரவரியில் அந்தத் திருத்தத்தை அனுப்பியது.

இனி இரண்டாவது வழி. இங்கே பென் டிரைவ் எதையும் கட்டளையிடாது. 'நான் வந்திருக்கிறேன்' என்று மட்டும் தெரிவிக்கும். ஒவ்வொரு யூஎஸ்பி சாதனத்துக்கும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு வரிசை எண்ணும் உண்டு. லினக்ஸ் கணினியில் யூடெவ் என்ற பகுதி அந்த எண்களைப் பார்க்கும். 'இந்த வரிசை எண் வந்தால் இந்த வேலையைத் தொடங்கு' என்று நீங்கள் கணினியில் ஒரு விதி எழுதி வைக்கலாம். எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. யூடெவ் நீண்ட வேலையைத் தாங்காது. நேரம் எடுக்கும் நிரலைப் பாதியிலேயே நிறுத்திவிடும். அதனால் யூடெவ் தகவல் மட்டும் சொல்லட்டும். பிரதியெடுக்கும் வேலையை சிஸ்டம்டி என்ற இன்னொரு பகுதியிடம் ஒப்படைத்துவிடுங்கள். விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் மூலம் இப்படிச் செய்யலாம்.

சங்கத்துக்கு எப்படி? சங்கமே சில பென் டிரைவ்களை வாங்கிப் படம் எடுக்கும் இளைஞர்களிடம் கொடுக்கட்டும். அவற்றின் எண்களை மட்டும் கணினியில் பதிவு செய்யுங்கள். செருகியதும் நிரல் படக் கோப்புகளை மட்டும் பிரதியெடுத்து, தேதி வாரியாக வைத்து, பென் டிரைவைப் பாதுகாப்பாக விடுவித்து, மணி அடிக்கட்டும். மணி கேட்டதும் கழற்றலாம். பென் டிரைவில் இருக்கும் எந்த நிரலையும் ஓட்டக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணைப் போலியாகவும் எழுத முடியும். ஆனால் நம் நிரல் படத்தை மட்டுமே எடுக்கும் என்றால், போலி எண்ணோடு வருகிறவரால் அந்த நிரலைக் கொண்டு பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

இதற்கும் அடங்காத ஒரு வகைத் தாக்குதல் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற இரு ஜெர்மன் ஆய்வாளர்கள், பென் டிரைவின் உள் மென்பொருளை மாற்றி அதை விசைப்பலகையாக நடிக்க வைக்க முடியும் என்று காட்டினார்கள். பார்க்கப் பென் டிரைவ்தான். ஆனால் செருகியதும் யாரோ தட்டச்சு செய்வதுபோல் கட்டளைகளை அடிக்கும். ஆட்டோரனை நிறுத்தினாலும் அதற்குத் தடையில்லை. ஆகவே முகம் தெரியாத பென் டிரைவைச் செருகவே கூடாது. அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென் டிரைவ்களைப் போட்டு வைத்துப் பார்த்தார்கள். குறைந்தது 45 விழுக்காட்டு பென் டிரைவ்களில் இருந்த கோப்புகளை எடுத்தவர்கள் திறந்தார்கள். பலருக்கு அதை உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான்!

கீழே கிடந்த பென் டிரைவை அலுவலகப் பொறுப்பாளரிடமோ காவலாளியிடமோ கொடுத்துவிடுங்கள். உங்கள் கணினியில் திறந்து பார்க்காதீர்கள். வீட்டுக் கணினியில் விண்டோஸ் இருந்தால், அதன் அமைப்புகளில் ஆட்டோப்ளே பகுதிக்குப் போய், 'எதுவும் செய்யாதே' என்று மாற்றுங்கள். அச்செடுக்கக் கடைக்குப் போனால் அந்த ஒரு கோப்பு மட்டும் இருக்கும் பென் டிரைவைக் கொண்டுபோங்கள், திரும்பியதும் வைரஸ் சோதனை செய்யுங்கள். பாதிப்பு வந்துவிட்டது என்று தோன்றினால், சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவி மையத்தில் புகார் செய்யலாம்.

கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதிக் கோயிலிலோ சங்கத்திலோ கணக்கும் படங்களும் ஒரே ஒரு பழைய கணினியில் இருந்தால், அவற்றைத் தானாகப் பிரதியெடுக்கும் நிரலை இந்த விடுமுறையில் எழுதிக் கொடுங்கள். கட்டளையைக் கணினியிலேயே வையுங்கள். அது என்ன செய்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். அந்தக் கணினி கெட்டுப் போனாலும் பல ஆண்டு உழைப்பு பத்திரமாக இருக்கும்.