முதலாளியின் குரலும் தொழிலாளியின் குரலும்

(பொன்முடியில் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பொன்முடிக்கு வரும் சுற்றுலாப் பயணியின் கண்ணில் படுவது பனிமூட்டமும் தேயிலைப் பசுமையும்தான். அந்தப் பசுமைக்குள் இருக்கும் லயங்களை விளம்பரப் படங்கள் காட்டுவதில்லை. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிப்பதே ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. மக்கள் தொடர்பு என்பது அதன் பெயர்.

அத்தொழிலின் தொடக்க காலத்திலேயே தொழிலாளர் இரத்தம் படிந்திருக்கிறது. 1914 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லட்லோ என்னுமிடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டுத் தீக்கிரையானது. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த 11 குழந்தைகளும் 2 பெண்களும் மாண்டனர். சுரங்க நிறுவனம் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. நாடே கொதித்தபோது அக்குடும்பம் ஐவி லீ என்ற முன்னாள் பத்திரிகையாளரை அமர்த்தியது. அவர் வெளியிட்ட துண்டறிக்கைகளில் ஒன்று, சங்கத் தலைவர்களின் ஓராண்டு ஊதியத்தை ஒன்பது வாரத்தில் பெற்றதாகக் காட்டியது. செத்தவர் யார் என்ற கேள்வி, சங்கத் தலைவர் எவ்வளவு வாங்குகிறார் என்ற கேள்வியாக மாற்றப்பட்டது. இந்த உத்தி நமக்குப் புதிதல்லவே!

நம் நாட்டிற்கு வருவோம். நீரா ராடியா கென்யாவில் பிறந்து, பிரிட்டனில் வளர்ந்து, 1990களின் நடுவில் இந்தியா வந்தவர். தாராளமயம் கதவு திறந்த காலம் அது. விமான நிறுவனங்களுக்காக அரசு அலுவலகங்களில் ஏறி இறங்கும் பணியில் தொடங்கினார். 2001-இல் வைஷ்ணவி என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை நிறுவி, டாடா குழுமத்தின் பணியைப் பெற்றார். பின்னர் முகேஷ் அம்பானியின் ரிலையன்சும் அவரிடம் வந்தது. நாட்டின் இருபெரும் தொழில் குழுமங்களின் குரல் ஒரே வாயிலிருந்து ஒலித்தது.

வருமான வரித்துறை 2008-லும் 2009-லும் அவருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்டது. பதிவான உரையாடல்கள் 5,000-க்கும் மேல். அவற்றின் ஒரு பகுதி 2010 நவம்பரில் இரு ஆங்கில வார இதழ்களில் வெளியானது. 2009 தேர்தலுக்குப் பிறகு மத்திய அமைச்சரவையில் யாருக்கு எந்தத் துறை என்பது அவற்றில் பேசப்பட்டது. புகழ்பெற்ற பத்திரிகையாளர்கள் சிலரும் மறுமுனையில் இருந்தனர். தாங்கள் தவறேதும் செய்யவில்லை என்பது அவர்களின் விளக்கம். தனியுரிமை மீறப்பட்டதாக ரத்தன் டாடா உச்சநீதிமன்றம் சென்றார். 2011-இல் ராடியா தம் தொழிலை விட்டு விலகினார்.

முடிவு என்ன? உச்சநீதிமன்ற உத்தரவின்படி 14 பூர்வாங்க விசாரணைகளை நடத்திய மத்தியப் புலனாய்வுத் துறை, குற்றம் எதுவும் காணப்படவில்லை என்று 2022 செப்டம்பரில் தெரிவித்தது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் விமர்சனம் ஒரு தனிநபரின் ஒழுக்கத்தைப் பற்றியதன்று. நாம் வாக்களித்து முடித்த பிறகு, நாம் தேர்ந்தெடுக்காதவர்கள் அமைச்சரவையைப் பற்றித் தொலைபேசியில் பேசுகிறார்கள். அதில் சட்டப்படி குற்றம் இல்லை என்றால், அந்தச் சட்டம் யாருடைய வசதிக்கானது என்பதே நம் கேள்வி.

இனி நமக்கு நெருக்கமான ஒன்று. 2005-இல் மூணாறுத் தோட்டங்களை டாடா நிறுவனம் கண்ணன் தேவன் மலைத் தோட்டங்கள் என்ற புதிய நிறுவனத்திற்கு மாற்றி, தனக்கும் ஒரு பங்கை வைத்துக்கொண்டது. பெரும்பான்மைப் பங்குகள் தொழிலாளர்களிடம் என்று அறிவிக்கப்பட்டது. கொழுந்து கிள்ளுபவளே முதலாளி என்பதைவிட அழகான விளம்பரம் வேறென்ன வேண்டும்? அந்த ‘முதலாளிகள்’தான் 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் அமர்ந்தார்கள். அன்று அவர்களுடைய நாள்கூலி 232 ரூபாய். பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான ‘பெண்கள் ஒருமை’ அது. ஒன்பது நாளில் போனசும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் பெற்றார்கள். அடுத்த மாதம் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது.

அவர்களுக்கு மக்கள் தொடர்பு அதிகாரி யாரும் இல்லை. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே பேசினார்கள். தோழர்களே, நம் சங்கங்கள் உட்பட எல்லாச் சங்கங்களின் தலைவர்களையும் அவர்கள் தள்ளி நிறுத்தினார்கள் என்பதையும் சொல்லாமல் இந்த உரையை முடிக்க முடியாது. தொழிலாளியின் குரலாக இருக்க வேண்டியவர்கள், தொழிலாளிக்காகப் பேசுகிறோம் என்ற பெயரில் அவரைப் பேசவிடாமல் செய்தால், நாமும் ஒருவகை மக்கள் தொடர்பு அதிகாரிகளாகிவிடுவோம்.

ஆகவே ஒவ்வொரு கிளையும் ஒரு வேலையை ஏற்க வேண்டும். லயத்தின் கூரை எங்கே ஒழுகுகிறது, கிராஜுவிட்டி எத்தனை பேருக்குப் பாக்கி, மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்பதைத் தொழிலாளர்களின் சொற்களிலேயே எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும். ஆனால் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்ட பிறகே அனுப்புங்கள்.