உபாத்தியாயர்களுக்கு எது பயிற்சி?

(விக்கிரமசிங்கபுரம் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது உபாத்தியாயர்களின் பயிற்சியைப் பற்றியாகும். இது அவர்கள் விஷயம், நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. நம் பிள்ளைகளைப் பகலெல்லாம் வைத்திருப்பவர்கள் அவர்களே.

பயிற்சி என்றால் சில உபாத்தியாயர்கள், "இருபது வருஷம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இனி என்ன பயிற்சி?" என்கிறார்கள். இவ்வூர் நூல் ஆலைத் தொழிலாளிகளைக் கேட்கின்றோம்: புது இயந்திரம் வந்து இறங்கினால், பழைய அனுபவமே போதுமென்று எவராவது அதில் கை வைப்பாரா? இயந்திரத்திற்கே பழக வேண்டுமென்றால் குழந்தையின் மனதுக்குப் பழக வேண்டாமா?

ஆகையால், சர்க்கார் 2022-இல் 1 முதல் 3 வகுப்புகளுக்கு "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைத் துவக்கி, 2023-இல் 4, 5 வகுப்புகளுக்கும் விரித்து, பிள்ளைகளை அவரவர் கற்ற அளவுக்குத் தக்கபடி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்க உபாத்தியாயர்களைப் பழக்கியதை நாம் வரவேற்கின்றோம். படிப்பு வராத பிள்ளையைத் தலைவிதி என்று தள்ளாமல், சொல்லிக்கொடுக்கும் முறையைத் திருத்துவதே பகுத்தறிவாகும்.

ஆனால் தோழர்களே! எழுத்தும் கணக்கும் வந்துவிட்டால் போதுமா? நம் ஜில்லாவிலேயே நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனைக் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதா? தெரியும். மனிதனை மனிதனாய்ப் பார்க்கத்தான் தெரியவில்லை. அதை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம்?

இதன்பேரில் சர்க்கார் நியமித்த முன்னாள் நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஜாதிக் கயிறு கூடாது. வருகைப் பதிவேட்டில் ஜாதி இருக்கக்கூடாது. எந்த உபாத்தியாயரும் மாணவனை ஜாதியைச் சுட்டி அழைக்கக்கூடாது. ஜாதி வேற்றுமையைப்பற்றி உபாத்தியாயர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்றது. உபாத்தியாயருக்கே இதைச் சொல்லவேண்டியிருக்கிற நிலைமையை யோசித்துப் பாருங்கள்!

ஜாதி மட்டுமல்ல. பக்கத்திலே பாபநாசம். பரிகாரம் என்று துணிகளை ஆற்றில் விட்டு, பாபம் நாசமாவதற்குப் பதில் தாமிரபரணிதான் நாசமாகிறது. காலையில் வகுப்பில் நீர் மாசுபடுவதைப்பற்றிப் பாடம் நடத்தி, மாலையில் தன் துணியையும் ஆற்றில் விடும் உபாத்தியாயரிடம் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? வாய் சொன்னதையா, கை செய்ததையா?

எனவே நாம் கேட்பது இதுதான். ஆரம்ப வகுப்பு உபாத்தியாயருக்கு, எல்லாக் குழந்தைகளையும் கலந்து உட்காரவைக்கப் பயிற்சி வேண்டும். கையில் கயிறு ஏறத் துவங்கும் நடு வகுப்புகளில், அடித்து அவிழ்க்காமல், ஏன் கட்டினாய் என்று கேட்டு அவனே அவிழ்க்கும்படி பேசப் பயிற்சி வேண்டும். மேல் வகுப்பில், மாணவன் கேட்கும் கேள்விக்குக் கோபிக்காமல் பதில் சொல்லப் பயிற்சி வேண்டும். கற்றுக்கொடுப்பதற்கு முன், தான் கற்றதில் பொய்யானதை மறப்பதே உபாத்தியாயருக்கு முதற் பயிற்சியாகும்.

பெற்றோர்களே! உபாத்தியாயரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளியில் அவிழ்த்த கயிற்றை வீட்டில் மறுபடி கட்டிவிடுகிறவர்கள் யார்? நாமேயல்லவா? பள்ளிக்கூட மேலாண்மைக் குழுவில் நமக்கும் இடமுண்டு. அங்கே போய், இவ்வருஷம் உபாத்தியாயர்களுக்கு என்ன பயிற்சி நடந்தது, அதில் ஜாதி ஒழிப்பு இருந்ததா என்று தைரியமாய்க் கேளுங்கள். வீட்டிலும் அந்தப் பாடத்தை நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.