பெயர் தைத்த போர்வைகள்

(பொன்விழாக் குடும்ப நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





துணி வணிகம் செய்யும் நம் சங்கத்து இளையவர்கள் சார்பில் பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி. கடையில் நாங்கள் துணியை மீட்டர் கணக்கில் விற்கிறோம். வெட்டி மிஞ்சிய துண்டுக்கு விலை கிடையாது. ஆனால் இதே சிங்கப்பூரில் ஒரு காலத்தில் துண்டுத் துணி கடிதமாகவே பயன்பட்டது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஐரோப்பியக் குடிமக்களைச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். ஆண்கள் தனியாக, பெண்களும் பிள்ளைகளும் தனியாக. பல மனைவியருக்குக் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. அப்போது எத்தல் முல்வனி என்ற கனடியப் பெண்மணி ஒரு வழி சொன்னார். காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைப்போம். ஆளுக்கொரு சதுரத்தில் தம்மைப் பற்றி ஏதாவது பூத்தையல் போட்டு, பெயரையும் தைப்போம் என்றார். பெயரைப் பார்ப்பவர்கள் மூலம், அவள் உயிரோடு இருக்கும் செய்தி கணவருக்குப் போய்ச் சேரும் அல்லவா?

அப்படி மூன்று போர்வைகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். பூக்கள் உண்டு, சிறை அறையும் உண்டு. ஒரு போர்வையைக் காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கென்றே தைத்தார்கள். இன்று இரண்டு போர்வைகள் ஆஸ்திரேலியாவின் கான்பராவிலுள்ள போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. தைத்தவர்களின் பெயர்களை இன்றும் படிக்கலாம்.

நம் வீட்டுப் பெண்களும் தைத்தார்கள். பழைய புடவையையும் கைலியையும் அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, பிறந்த பிள்ளைக்கு விரிப்பு செய்தார்கள். தலையணை உறையில் பூ வரைந்து தைத்தார்கள். வீட்டுக்காகச் செய்ததால் பெயர் போடவில்லை. சங்கத்தின் பழைய படங்களுக்குக் கீழேயும் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே உள்ளன. கூட்டத்துக்கு வந்தவர்களை அறிவோம். அந்த நேரத்தில் வீட்டைத் தாங்கியவர்களை எங்கே எழுதினோம்?

வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய துணிதான். ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டுக்கொரு கைத்தையல் துணியைத் தேடி எடுங்கள். படம் பிடித்து, யார் தைத்தது, யாருக்காக, எந்தத் துணியில் என்று எழுதி சங்கத்திடம் கொடுங்கள். தைத்தவர் இருந்தால் அவரிடமே கேளுங்கள், நாளைக்கென்று தள்ளிவைக்காதீர்கள். அடுத்த மலரில் அந்தப் பெயர்கள் இடம்பெறட்டும்.

அல்லாஹ் நம் முன்னோர் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.