மழை வெள்ளமும் கொழும்பு மாநகரும்

தண்ணீர் பள்ளத்தை நாடிச் செல்லும். கொழும்பு மாநகரின் வடிகால் வரலாறு முழுவதும் இந்தச் சிறிய உண்மையில் அடங்கியிருக்கிறது. நகரத்தில் விழும் மழைநீர் போய்ச் சேர்வதற்கு ஆறும் கடலும் அருகிலேயே இருக்கின்றன. ஆயினும் நீரை வெளியேற்ற வேண்டிய தேவை மிகுந்திருக்கும் நாளிலேதான் ஆறு அதனை ஏற்க மறுக்கிறது. அன்று நீர் தானாக ஓடாது. அதனை உயர்த்தித் தள்ளுதல் வேண்டும். அந்த வேலைக்கென அமைந்தவையே மழைநீர் இறைக்கும் நிலையங்கள்.

சிவனொளிபாத மலைச் சாரலிலே பிறந்து, ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை, கொழும்பின் வடக்கெல்லையிற் கடலோடு கலக்கிறது. மலைநாட்டிற் பெருமழை பெய்தால், நகரத்தில் வெயில் எறிக்கும் வேளையிலும் ஆறு பெருகி வரும். நாகலகம் வீதியருகே உள்ள அளவுகோல் அதன் உயரத்தை அடிக்கணக்கிற் காட்டும். 1947 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்து வெள்ளத்தில் நீர்மட்டம் அங்கே 12 அடியைத் தாண்டியது. இத்தகைய பெருக்கிலிருந்து நகரத்தைக் காப்பதற்காக ஆற்றோரம் அணைக்கட்டுகள் எழுப்பப்பட்டன. வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1924 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது.

அணைக்கட்டு ஆற்றை வெளியே நிறுத்துகிறது. ஆனால் நகரத்தின் கால்வாய்கள் ஆற்றிலே சேருவதற்கு அந்த அணையில் வழி இருத்தல் வேண்டுமன்றோ? ‘நோர்த் லொக்’ என வழங்கும் வடக்கு மதகு அவ்வழிகளுள் ஒன்றாகும். ஆறு தாழ்ந்திருக்கும்போது கதவு திறந்திருக்கும். நகரத்து நீர் வெளியே ஓடும். ஆறு உயர்ந்ததும், அது நகரத்துட் பாயாதபடி கதவை மூடிவிடுவார்கள். மூடிய கதவின் இப்புறத்தே மழையும் கொட்டத் தொடங்குமாயின், வெளியிலிருந்து வரவிருந்த வெள்ளம் தடுக்கப்பட்டாலும் உள்ளே வேறொரு வெள்ளம் உண்டாகிறது. முகத்துவாரம், வெள்ளவத்தை, தெகிவளை ஆகிய இடங்களிற் கடலை நோக்கிய வாயில்கள் இருக்கின்றனவெனினும், அவை மாத்திரம் போதா. கடலோர வாயில்களை மணல் மூடுவதும் உண்டு.

கொழும்பு மழையின் வேகத்தை அறிய இரண்டு நாட்களை நினைவுகூரலாம். 1992 ஆம் ஆண்டு யூன் 4 ஆம் திகதி ஒரே நாளில் 493.7 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. அஃது ஓர் ஆண்டில் நகரம் பெறும் மழையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்காகும். 2010 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலும் ஓர் இரவுக்குள் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தது. ஏழைகளின் குடிசைகள் மூழ்கின. தியவன்னா ஓயாவின் நடுவே அமைந்த பாராளுமன்ற வளவும் மூழ்கியது. சட்டம் இயற்றுவோரின் வாசலுக்கும் கால்வாய்க்கரை வாசியின் வாசலுக்கும் வெள்ளம் வேற்றுமை காட்டவில்லை.

இந்த அனுபவத்தின் பின்னர், 2012 ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியுடன் கொழும்புப் பெருநகர அபிவிருத்தித் திட்டம் ஆரம்பமாயிற்று. கால்வாய்களை அகலமாக்குதல், கடலை நோக்கிய சுரங்க வழியைச் சீர்ப்படுத்துதல் ஆகியவற்றோடு, அம்பத்தளையிலும் வடக்கு மதகடியிலும் நீரிறைக்கும் நிலையங்களை அமைப்பதும் அத்திட்டத்தில் அடங்கியது.

இத்தகைய நிலையத்தின் தொழில் விசித்திரமானது. வீட்டுக் கிணற்றுப் பம்பி சிறிதளவு நீரை மிக உயரத்துக்கு ஏற்றுகிறது. வெள்ளப் பம்பியோ பெருந்தொகையான நீரைச் சில மீற்றர் உயரத்துக்கே ஏற்றுகிறது. கால்வாய் நீர் முதலில் இரும்புக் கம்பித் தடுப்பினூடாகப் புகுந்து ஆழமான தொட்டியிற் சேரும். அங்கிருந்து சுழலும் இறக்கைகள் அதனைத் தள்ளி, மூடிய மதகுக்கு அப்பாலுள்ள ஆற்றிலே சேர்க்கும். மாதக்கணக்கில் ஓய்ந்து கிடக்கும் இந்த யந்திரம், நள்ளிரவில் இடியுடன் மழை கொட்டி மின்சாரம் துண்டிக்கப்படும் வேளையில், அழைத்தவுடன் எழுந்து நிற்க வேண்டும்.

ஆகவே நிலையத்தைப் புதுப்பித்தல் என்பது பெரிய பம்பியைப் பூட்டுவதோடு முடிவதில்லை. மின்பிறப்பாக்கியும் மின்பலகையும் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும். ஒரு பம்பி பழுதானால் மற்றொன்று ஆயத்தமாக நிற்றல் வேண்டும். மழையில்லாத காலத்திலும் கிரமமாக ஓட்டிப் பார்த்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்பித் தடுப்பிற் சேரும் குப்பையை அகற்றுதல் வேண்டும். வீதியில் எறியப்பட்ட பொலித்தீன் பைகளே விலையுயர்ந்த யந்திரத்தின் வாயை அடைத்துவிடும்.

இனி, நேயர்கள் ஒரு சிறு கணக்கை மனத்திற் கொள்ளலாம். ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால், அந்நீர் ஓர் இலட்சம் கன மீற்றர். விநாடிக்கு ஒரு கன மீற்றர் இறைக்கும் பம்பி, அவ்வளவு நீரையும் அகற்ற ஏறக்குறைய 28 மணித்தியாலம் எடுக்கும். மழையோ இரண்டு மூன்று மணி நேரத்திற் பெய்து ஓய்ந்துவிடும். மிகுதி நேரம் அந்த நீர் எங்கே காத்திருப்பது? பத்து ஹெக்டேர் தாழ்நிலம் ஒரு மீற்றர் ஆழத்துக்கு நீரை ஏற்குமாயின், ஓர் இலட்சம் கன மீற்றரும் அதற்குள் அடங்கிவிடும். அத்தகைய நிலம் இல்லையெனில், அதே நீர் வீடுகளுக்குள்ளே காத்திருக்கும். பம்பியின் பலம் பம்பியில் மாத்திரம் இல்லை. நீர் தங்கும் இடத்திலும் இருக்கிறது.

கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் பன்னெடுங்காலமாக இந்தச் சேவையைச் செய்து வந்தன. ஆயினும் அவை பயனற்ற நிலமெனக் கருதப்பட்டன. 1968 ஆம் ஆண்டிலே தாழ்நிலங்களை மீட்பதற்கென ஒரு சபை சட்டப்படி நிறுவப்பட்டது. ‘மீட்டல்’ என்ற சொல்லே அக்காலத்து மனப்போக்கைப் புலப்படுத்துகிறது. மண் நிரப்பப்பட்ட இடத்தில் வீதிகளும் வீடுகளும் எழுந்தன. வேறிடம் வாங்க வகையற்ற குடும்பங்களோ கால்வாய்க் கரைகளிலேயே குடியேறின. நிலத்தை நிரப்பியவர் ஒருவர். அதன் நீரைத் தம் வீட்டில் ஏற்றவர் மற்றொருவர்.

யந்திரத்தை மாத்திரம் நம்பிய நகரம் ஒன்றின் அனுபவத்தையும் இங்கே எண்ணிப் பார்ப்பது நன்று. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்திலே, 1913 ஆம் ஆண்டில் ஆல்பேட் போல்ட்வின் வூட் என்னும் பொறியியலாளர் வகுத்த பெரும் திருகுப் பம்பிகள் உலகப் புகழ் பெற்றன. சதுப்பு நிலங்கள் வற்றின. வற்றிய மண் சுருங்கித் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்திலே மக்கள் குடியேறினர். 2005 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திற் கற்றீனா சூறாவளி வந்தபோது, நகரத்து நீரை ஏரிக்குக் கொண்டுசெல்லும் கால்வாய்களின் சுவர்களே உடைந்தன. ஏரி நீர் நகரத்துட் புகுந்தது, பம்பிகள் ஓய்ந்தன. நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியது. நீரை வெளியேற்றி முடிக்க ஒக்டோபர் மாதமாயிற்று.

2018 ஆம் ஆண்டிலே, உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என ராம்சார் உடன்படிக்கையின் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. அது வெறும் கௌரவப் பட்டம் அன்று. ஒரு பொறுப்பின் அறிகுறியாகும். புதிய நிலையத்துக்குச் செலவிடும் பணம் பயன்தர வேண்டுமாயின், எஞ்சிய சதுப்பு நிலமும் அந்த நிலையத்தின் ஓர் உறுப்பாகவே கணிக்கப்படுதல் வேண்டும். பம்பியின் ஓர் உறுப்பைக் கழற்றி விற்க எவரும் துணியார். நீர் தங்கும் நிலத்தை நிரப்பி விற்பதும் அதற்கு ஒப்பான செயலே. அதன் விலையை, மதகு மூடிய ஒரு மழை இரவிலே, கால்வாய்க்கரையில் வாழும் குடும்பமே முதலிற் செலுத்துகிறது.