குரலைக் கழித்துவிட்டுப் பாட்டைக் கொடுங்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றைக்கும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டுடியோ அது. அங்கே எடுத்த 'மந்திரி குமாரி' காலத்துப் பாட்டு ஒன்றை வீட்டுக் கரோக்கி பெட்டியில் போட்டு, 'வாய்ஸ் கேன்சல்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். பாடகர் மட்டும் போகமாட்டார், வயலின், தபேலா என்று வாத்திய கோஷ்டியும் கூடவே கிளம்பிவிடும்.

பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. அந்தப் பொத்தான் போடுவது வெறும் கழித்தல் கணக்கு. ஸ்டீரியோ பாட்டில் பாடகரின் குரல் இடப்பக்கமும் வலப்பக்கமும் சம அளவில் பதிந்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் குரல் போய்விடும், ஓரங்களில் இருக்கும் வாத்தியம் தங்கும். அந்தக் காலத்து மோனோ பாட்டில் இரண்டு பக்கமும் ஒன்றேதான், கழித்தால் மிச்சம் ஏது? 1978-இல் 'பிரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் வந்த பிறகுதான் தமிழ்ப் பாட்டுக்கு இந்தப் பொத்தான் கொஞ்சமாவது உதவியது. அப்போதும் நடுவில் பதிந்த பேஸ் கிட்டார் குரலோடு சேர்ந்து கரையும்.

ஆகவே, குரல் இல்லாமலே பதிந்த தனித் தடம் வேண்டும். ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனோவே 1971-இல் காசு போட்டால் பின்னணி இசை தரும் பெட்டிகளைச் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை எடுக்கவில்லை. 2004-இல் வேடிக்கைப் பரிசான இக் நோபல் அவருக்குக் கிடைத்தது, அதுவும் அமைதிக்காக! அந்தப் பெட்டிக்குத் திரை கிடையாது, பாட்டுப் புத்தகம்தான்.

திரையில் வரிகளைக் கொண்டுவந்த வட்டுகளில் ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது சிடிஜி. சாதாரண ஆடியோ சிடியில் பயன்படாமல் கிடந்த ஒரு சிறு ஓரத்தில் படத்தை ஒளித்துவைத்தார்கள். பதினாறே நிறம். திரையை 48-க்கு 16 என்று கட்டம் பிரித்து, நொடிக்கு 300 கட்டம் வீதம் வரையும். முழுத் திரையும் நிரம்ப இரண்டரை நொடி ஆகும். அடுத்த வரி மெல்ல மெல்ல ஊர்ந்து வருவது அதனால்தான். சாதாரண சிடி பிளேயரில் இந்த வட்டைப் போட்டால் பாட்டு கேட்கும், எழுத்து வராது.

நம் பக்கத்து வீடுகளில் புழங்கியது விசிடிதான். 2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின் குத்திய ஒரு பிளேயர், அதிலேயே மைக் செருக ஒரு துளை. கரோக்கி விசிடியில் ஒரு பக்கம் வெறும் இசை, மறுபக்கம் பாடகர் குரலோடு. ரிமோட்டில் பக்கத்தை மாற்றினால் பாடகர் வருவார், போவார். கழித்தல் வேலையே இல்லை. படம் 352-க்கு 288 புள்ளிதான். சின்ன டிவியில் குறை தெரியாது. அதே வட்டை இன்றைய 43 அங்குலத் திரையில் போட்டால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடையும்.

வரிகள் நிறம் மாறுவதிலும் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்ற எழுத்தில் நிறம் இடமிருந்து வலமாக நகரும்போது முதலில் கொம்பு நிறம் மாறும், அப்புறம் 'க', கடைசியில் கால். வாயில் வருவதோ ஒரே எழுத்து. கண்ணை நம்பினால் பாதி எழுத்தில் தவிப்போம். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் போடுகிறவர்கள் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கிறார்கள். ஆனால் அங்கே 'ல', 'ள', 'ழ' மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. நான் கொம்போடு மல்லுக்கட்டத் தயார்.

என் கணக்கில் கரோக்கி பெட்டியை எடைபோட வேண்டியது வாட்ஸை வைத்தோ திரை அங்குலத்தை வைத்தோ அல்ல, தாமதத்தை வைத்து. பழைய பிக்சர் டியூப் வந்த சிக்னலை வந்த கையோடு வரைந்துவிடும். எல்சிடி டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டும். 'கேம் மோட்' போட்டால் அந்த மெருகு வேலை குறையும். இதைவிடப் பெரிய வில்லன் புளூடூத். ஒலி ஸ்பீக்கருக்குப் போய்ச்சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு, சிலவற்றில் இரண்டு பங்குகூட ஆகும். தன் குரலே அவ்வளவு தாமதமாகக் காதில் விழுந்தால் நன்றாகப் பேசுகிறவருக்கே நாக்கு தடுமாறும். பாட்டுக்குக் கேட்கவா வேண்டும்? தாளத்தைக் குறை சொல்லாதீர்கள். இசை மட்டும் புளூடூத்தில் வரட்டும், மைக் ஒயர் நேரே ஸ்பீக்கருக்கோ மிக்ஸருக்கோ போகட்டும்.

மோனோ பாட்டுக்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. 2019-இல் பிரான்ஸின் டீசர் நிறுவனம் வெளியிட்ட ஸ்பிளீட்டர் போன்ற மென்பொருள்கள் கழிப்பதில்லை, குரலின் சாயலை அடையாளம் கண்டு பிரிக்கின்றன. குரலை ஒட்டியே போகிற வயலினையும் சில இடங்களில் சுரண்டிவிடும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பாடும் இடமும் முக்கியம். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிச் சத்தம் இல்லாத நாளில்தான் மைக்கைக் கையில் எடுக்கவே முடியும். கான்கிரீட் தார்சு வீடு, டைல்ஸ் தரை என்றால் அறையே எதிரொலிக்கும், எக்கோ குமிழைப் பாதிக்குக் கீழே வையுங்கள். ஸ்பீக்கர் உங்களுக்கு முன்னால் இருக்கட்டும், மைக் அதைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் கூவும்.

கடைக்குப் போனால் டிவியில் ஓடும் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எக்கோவை முழுக்கக் குறைத்துவிட்டு, மைக்கில் 'டக்' என்று ஒரு சொல் சொல்லுங்கள். அது இரட்டையாகக் கேட்டால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.