ப்ரொஜெக்டருக்கு முன்னால் விசைப்பலகை
(மாநாட்டுத் தலைமை உரை)

இந்த நாற்காலியில் இதற்கு முன் அமர்ந்தவர்கள் எல்லாரும் இலக்கணப் புலிகள். இம்முறை அமர்ந்திருப்பவரோ கரும்பலகையும் சாக்பீஸுமாகக் காலத்தை ஓட்டிய பள்ளி ஆசிரியர். அவருக்குப் பெருமை ஒரு பங்கு என்றால் பதற்றம் இரண்டு பங்கு. கையிலுள்ள தாள் நடுங்கினால் அவையோர் மின்விசிறியின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

மாநாட்டின் பொருள் ‘மொழியாசிரியரின் தொழில்நுட்ப வளர்ச்சி’. தமிழ்நாட்டில் 2011இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வந்தது. 2018இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு ஏறியது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனா தொற்று வந்து, வாட்ஸ்அப் குழுவே வகுப்பறையானது. இதையெல்லாம் இந்த அவைக்கு விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். பொருளுக்குச் செலுத்த வேண்டிய மரியாதை செலுத்தியாயிற்று. இனி வழக்கு.

ஆசிரியர் பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் ப்ரொஜெக்டரில் தொடங்கி ப்ரொஜெக்டரிலேயே முடிகின்றன. பயிற்சி பெற்றவருக்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து காணொளியை ஓட்டத் தெரியும். ‘ஆத்திசூடியிலிருந்து ஐந்து கேள்வி தட்டச்சு செய்து கொடுங்கள்’ என்றால் மட்டும் கணினி ஆசிரியரைத் தேடுவார். பிறர் செய்த பாடத்தைத் திரையில் காட்டுவதை வளர்ச்சி என்று சொல்வதில் இந்தத் தலைவருக்கு உடன்பாடில்லை. தன் வகுப்புக்கு வேண்டியதைத் தன் விரலால் தமிழில் எழுதத் தொடங்கும் நாளிலிருந்துதான் மொழியாசிரியரின் கணக்கு ஆரம்பமாகிறது.

இதற்கு மறுப்பு புதிதன்று. ‘தட்டச்சு எழுத்தர் வேலை, ஆசிரியர் அதில் காலத்தைக் கழிக்கலாமா?’ என்று முன்பு இதேபோன்றதோர் அரங்கில் மூத்த அறிஞர் ஒருவர் கேட்டார். அவர் புலமைக்கு வணக்கம். ஆனால் அந்த எழுத்தர் பாமினி எழுத்துருவில் அடித்துத் தந்த வினாத்தாள் அடுத்த ஊர்க் கணினியில் எப்படித் திறந்தது என்பதை அவர் பார்த்ததில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின இரவு அப்படியொரு தாளைத் திறந்து பார்த்தவருக்கு எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கும் ஒருங்குறியின் (யூனிகோடின்) அருமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பிறகும் பழைய எழுத்துருக்கள் பள்ளி அலுவலகங்களை விட்டு எளிதில் நகரவில்லை.

அடுத்த சர்ச்சை இன்னும் சூடானது. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வந்துவிடுகிறதே, பிறகு தமிழ்99 எதற்கு? 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு தரப்படுத்திய அந்த விசைப்பலகையில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். வகரம், ஙகரம் நீங்கலாக மெய்கள் வலக்கைப் பக்கம். ஆறாம் வகுப்பு மாணவி ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசை போதும். முதல் மகரத்தின் புள்ளி தானே விழும். ‘பந்து’ எழுத ப, ந, த, உ. நகரத்தை அடுத்துத் தகரம் வந்ததும் புள்ளி தானே ஏறிக்கொள்ளும். ‘ஏன் சார், நான் புள்ளி வைக்கவே இல்லையே?’ என்று அவள் கேட்கும் இடத்தில் இனவெழுத்துப் பாடத்தைத் தொடங்கலாம். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாவதை அவள் விரல் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. கரும்பலகையில் ஒரு வாரம் நடத்தும் பாடம் அது.

செல்பேசியில் ஆங்கில எழுத்தால் அடிக்கும் மாணவனுக்கு நேர்வது வேறு. ஒரு சொல்லை அடித்தால் ‘வலி’யும் ‘வளி’யும் பக்கத்தில் பக்கத்தில் பட்டியலாக வருகின்றன; எது முதலில் நிற்கிறதோ அதைத் தொட்டுவிட்டுப் போகிறான். லகர ளகர வேறுபாட்டை மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு, ‘பிள்ளைகளுக்குப் பிழையில்லாமல் எழுத வரவில்லை’ என்று நாம் மாநாடு கூட்டுகிறோம்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. ஆங்கில விசைப்பலகையில் பழகிய கையோடு வரும் அயலகப் பிள்ளைகளுக்கு, ஆங்கில எழுத்தின் ஒலிப்படி தமிழை அடிக்கும் அஞ்சல் முறை வாசலைத் திறந்துவிடுகிறது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் செல்லினமும் இரண்டு வழிக்கும் இடம் தந்தன. அஞ்சல் முறை வாசல் வரைக்கும் சரி. எழுத்து கற்கும் வயதில் அதையே வீடாக்கிவிடக் கூடாது என்பதுதான் வழக்கு.

ஆசிரியர் கணினியில் தானே இறங்கிச் செய்ய வேண்டுமா என்ற முதல் விவாதத்தில் யாரும் எடுத்துப் பார்க்காத சான்று ஒன்று உண்டு: நா. கோவிந்தசாமி. தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறியாளர்களிலிருந்து தொடங்குகிறார்கள். கோவிந்தசாமி சிங்கப்பூரின் தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர், 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றவர், தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். கணினி அவர் படித்த துறையன்று. ஆனாலும் கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது, தமிழ் அங்கே ஒளிப்படமாக ஒட்டப்படாமல் எழுத்தாகவே நின்றதற்கு, தேசியப் பல்கலைக்கழக வல்லுநர்களோடு அவர் செய்த வேலை காரணம். 1997இல் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணையக் கருத்தரங்கை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். 1999இல் மறைந்தார். இன்றைய நிகழ்ச்சி நிரலிலுள்ள கட்டுரைத் தலைப்புகளில் அவர் பெயர் ஒன்றிலும் இல்லை. செயற்குழு இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம், குறிப்பாக எடுத்துக்கொள்ளட்டும்.

‘ஆசிரியர் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினால் போதும், உருவாக்க வேண்டியதில்லை’ என்பார்க்குக் கோவிந்தசாமியின் வாழ்க்கையே மறுப்பு. எல்லா ஆசிரியரும் மென்பொருள் எழுத வேண்டும் என்று இங்கு யாரும் கேட்கவில்லை. முகாமின் முதல் நாள் காலையில் ப்ரொஜெக்டரை மூடி வைத்துவிட்டு, ஒவ்வோர் ஆசிரியரும் தமிழ்99இல் ஒரு பத்தி அடிக்கட்டும் என்பதே கோரிக்கை. தீர்மானக் குழுவிடம் இது எழுத்தில் தரப்படும், ஒருங்குறியில்தான்.

முதல் அமர்வுக்குத் தலைமையேற்பவர் இதை மறுக்கப் போகிறார் என்று காதில் விழுந்தது. அவருடைய நேரத்தில் பத்து நிமிடத்தை இவ்வுரை விழுங்கிவிட்டது. அதைத் தேநீர் இடைவேளையிலிருந்து அவர் வட்டியோடு எடுத்துக்கொள்ளலாம்.